கிலினாவின் தலைமேல் நின்ற வீடு

வெயில் சாய்ந்தால் கிலினா வீட்டுக்குள் போய்விடுவாள். கல்யாண வீடோ சாவு வீடோ, பாதிப் பேச்சில் எழுந்துவிடுவாள். ஆற்றங்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தால், அலசாததையும் வாளியில் திணித்துக்கொண்டு மேடேறிவிடுவாள். "கோழி அடைஞ்சாச்சு, கிலினாவும் அடைஞ்சாச்சு" என்று ஊரில் சொல்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். சிரித்துவிட்டு உள்ளே போனவள் கதவைச் சாத்துவதற்கு முன் வாசலில் கொஞ்சம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆற்றுக்கு அக்கரையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் பிறந்த ஊர் அந்தப் பக்கம்.

அவள் அப்படி அடைவதற்குக் காரணம், அந்த வீடு அவள் தலைமேல் நிற்கிறது.

எங்கள் சதுப்பு நிலத்தில் தச்சன் முதல் மரத்தை இடும்போது அதை ஏதாவது ஓர் உயிரின் தலைமேல் சொல்லித்தான் இடுவான். கோடரியின் பின்புறத்தால் மரத்தைத் தட்டிவிட்டு, வாய்க்குள் முனகுவான். யார் தலைமேல் என்பது அவனுக்குத்தான் தெரியும். வயிறு நிறையச் சாப்பிட்ட தச்சன் காகத்தின் தலைமேல், பூனையின் தலைமேல் வைத்துவிட்டுப் போவான்; அது சீக்கிரம் செத்துப்போகும், வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. வயிறு காய்ந்தவன் மனுஷர் தலைமேல் வைத்துவிடுவான். அப்படிப் பெயர் விழுந்தவர் அந்த வீட்டைவிட்டு ஓர் இரவு வெளியில் தங்கினால், வீடு உள்ளே இருப்பவர்களோடு சரியும் என்பது நம்பிக்கை. அதனால்தான் எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய கஞ்சனும் தச்சனுக்கு மட்டும் பன்றிக் கொழுப்புத் துண்டைத் தடிமனாக நறுக்குவான்.

சவாவின் அம்மா மெலானியா நறுக்கவில்லை. சவாவுக்குக் கிலினாவைக் கட்டிவைத்த வசந்தத்தில்தான் புது வீடு எழுந்தது. தச்சன் நிச்சிப்பருக்கு அப்போது மீசை அரும்பிய வயது. மரம் செதுக்க வந்த நாள் முதல் அவனுக்கு மெலானியா தினமும் பீட்ரூட் சூப்பு வைத்தாள். ஒரு நாள் அவன் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அத்தே, இதுல கறி முங்கிக் கிடக்கா, இல்ல நீந்தித் தப்பிச்சுப் போயிடுச்சா?" என்று கேட்டானாம். மெலானியா, "இது நோன்புக் காலம்டா, சாமிக்குப் பயப்படு" என்றாளாம். நோன்பு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

கிலினா அப்போது புதுப்பெண். புகுந்த வீடு பிடிக்காமல் இரண்டு முறை படகேறி அம்மா வீட்டுக்கு ஓடியிருந்தாள். இரண்டு முறையும் சவா போய்க் கூட்டிவந்தான். முதல் மரம் இட்ட அன்று சாயங்காலம் மெலானியா மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்: "பாவி தச்சன் பழிவாங்கிட்டான்டி. உன் தலைமேல வெச்சுட்டான். இனி நீ எங்கேயும் ராத்தங்கக் கூடாது. நீ போனா நாங்க எல்லாரும் மரத்துக்கடியில."

அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை.

பகலில் போவாள். அவள் அம்மா அக்கரையில் படுக்கையில் கிடந்த மாதம் முழுக்க, காலையில் போய்த் துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டிவிட்டு, வெயில் சாய்வதற்குள் திரும்பினாள். அம்மாவின் உயிர் போனது ஓர் இரவில். பக்கத்தில் இருந்தது அண்ணி. கிலினாவின் ஒரே மகள் ஜினா பின்ஸ்க் நகரத்துக்கு வேலைக்குப் போனாள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். பின்ஸ்குக்குப் போய் ஒரே பகலில் திரும்ப முடியாது. கல்யாணத்தன்று கிலினா தன் வீட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ரொட்டியும் உப்பும் வைத்து, எதிரில் காலி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜினாவின் முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அப்போதும் கிலினா போகவில்லை. அதன் பிறகு ஜினா ஊர்ப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

மெலானியா செத்துப்போனாள். எங்கள் வழக்கப்படி அவள் குழிமேல் கனமான ஓக் மரத்துண்டைக் கிடத்தினார்கள். அதை ஏற்ற ஆறு பேர் தேவைப்பட்டார்கள். கிலினா அன்று ரொம்ப நேரம் அந்த மரத்தையே பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் பொதுவாகக் கேட்பதில்லை.

எல்விரா வந்தது வெள்ளம் தேங்கி நின்ற ஒரு வசந்தத்தில். அந்த நாட்களில் எங்கள் ஊர் ஒரு தீவு. வயலும் பாதையும் தண்ணீருக்குள் போய்விடும். வீடுகளும், வைக்கோல் கொட்டகைகளும், கொக்குக் கூடு வைத்த ஒற்றை மரமும் மட்டும் மேலே தெரியும். படகோட்டி லுக்காஷ் அவளைப் படகில் உட்காரவைத்து, கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினான். "தெக்லா, உன் வீட்டுல ஒரு கட்டில் சும்மாத்தானே கெடக்கு? படிச்ச பொண்ணு, மின்ஸ்க்லேருந்து. மரத்துக்கு நாம என்ன சொல்றோம்னு கேக்க வந்திருக்கு" என்றான்.

"மரம்னுதானே சொல்றோம்" என்றேன்.

"நானும் அதையேதான் சொன்னேன். கேக்கல."

எல்விரா நல்ல பெண். சேற்றுக்குப் பயப்படவில்லை. உருளைக்கிழங்கு உரித்துத் தந்தாள். உரித்துக்கொண்டே பேசினாள். எங்கள் பேச்சில் மரத்துக்கு, மரக்கட்டைக்கு, 'தேரெவோ' என்போம். அந்தச் சொல் எங்கிருந்து கிளம்பியது என்பதுதான் அவள் தேடல். இந்தச் சதுப்பைச் சுற்றித்தான் நமக்கும் ரஷ்யாக்காரன் போலந்துக்காரனுக்கும் பொதுவான முன்னோர் ஒரே கூட்டமாக இருந்தார்கள் என்று பல பேர் நினைக்கிறார்களாம், அதனால் இங்கே வந்தாளாம்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவள் சொன்னது புரிந்தது. கிலினா பால் கொண்டுவந்தவள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரஷ்யாக்காரன், போலந்துக்காரன், பல்கேரியாக்காரன் எல்லாரும் இதே சொல்லைத்தான்மா ஆளுக்கொரு மாதிரி திருப்பிச் சொல்றாங்க" என்றாள் எல்விரா. "அதுக்கும் முன்னாடி போனா கிரேக்கத்துல இருக்கு. அங்க ஓக் மரத்துக்குப் பேரு அது. இந்தியாவுல பழைய பாட்டுகள்ல 'தாரு'ன்னு வருது. எல்லாம் ஒரே வேர். முதல்ல அதுக்கு 'கெட்டியானது, அசையாம நிக்கிறது'ன்னு அர்த்தம் இருந்திருக்கும்னு சில பேரு சொல்றாங்க. இல்ல, முதல்லயே மரம்தான், கெட்டிங்கிறது பின்னால வந்ததுன்னு வேற சில பேரு."

"இந்தியா வரைக்குமா!" என்றேன். "நான் பின்ஸ்க்கைத் தாண்டினதில்ல."

"சொல்லுக்கென்ன, அதை யாரு தலைமேலயும் வெக்கல" என்றாள் கிலினா. பால் செம்பை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அசையாம நிக்கிறதுன்னு சொன்னியே, அது எப்படி அத்தனை தூரம் போச்சு?"

எல்விரா பதில் சொல்லத் தொடங்குவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. கிலினா போய்விட்டாள்.

மறுநாள் காலை கூட்டுப்பண்ணை அலுவலகத்துக்குப் பின்ஸ்கிலிருந்து போன் வந்தது. தபால்காரி வேலியருகே நின்று சத்தமாகச் சொன்னாள். ஜினா மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருக்கிறார்களாம். "அம்மாவை இந்த ஒரு தடவை வரச் சொல்லுங்க, அடுத்த தடவை கேக்க மாட்டேன்னு சொல்லுச்சு" என்றாள் தபால்காரி.

கிலினாவின் கையில் கோழித்தீனி இருந்தது. அது முழுக்கக் கொட்டி முடிகிறவரை அவள் விரல்களை மூடவில்லை.

சவா கொட்டகையிலிருந்து வந்தான். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவன். ஒரு நாளும் கை நீட்டியதில்லை. "நான் உன்னைத் தடுத்தேன்னு யாரும் சொல்லக் கூடாது" என்றான். "போறதுன்னா போ. நான் உள்ளதான் படுத்திருப்பேன். என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

"கொட்டகையில படுத்துக்கோயேன்" என்றாள் கிலினா. "நாலே ராத்திரி."

"என் வீட்ட விட்டுட்டு நான் ஏன் வைக்கோல்ல படுக்கணும்? அப்படியே படுத்தாலும் வீடு போயிடும். உருளைக்கிழங்கு, சாமி படம், எங்கம்மா கட்டில், எல்லாம் போயிடும். உனக்குப் பரவாயில்லைன்னா போ."

அவ்வளவுதான் அவன் பேசியது. அவள் வீட்டுக்குள் போனாள். சன்னல் வழியாகப் பார்த்தேன். அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். மூட்டையில் ஒரு சட்டையை வைப்பாள், எடுப்பாள். லுக்காஷின் படகு மதியத்துக்கு மேல் அக்கரை போகும். அங்கிருந்து சாயங்காலப் பேருந்து. அதை விட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் அடுத்தது.

அன்று எல்விராவுக்கு ஒரு வேலை இருந்தது. தச்சர்கள் முதல் மரத்தை இடும்போது சொல்லும் வாக்கில் தேரெவோ என்ற சொல் வருகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை நிச்சிப்பர் வாயாலேயே, அவர் இட்ட மரத்தின் பக்கத்திலேயே கேட்க வேண்டும் என்றாள். தான் இட்டதிலேயே நல்ல ஓக் சவா வீட்டு அடிமரம்தான் என்றார் நிச்சிப்பர். அவருக்கு இப்போது மீசை நரைத்து, வயிறு பெருத்துவிட்டது. எனக்கு அன்று அங்கே போக விருப்பமில்லை. எல்விராவுக்கு அந்த வீட்டு நிலைமை தெரியாது. நானும் சொல்லத் தெரியாமல் கூடவே போனேன்.

தச்சன் வீட்டுக்கு வந்துவிட்டால் என்ன கவலை இருந்தாலும் மேசை போட்டாக வேண்டும். கிலினா போட்டாள். உப்பிட்ட கொழுப்பு, ஊறுகாய்க் காளான், உருளைக்கிழங்கு அடை, ஒரு போத்தல் வீட்டுச் சாராயம். எந்தப் பண்டிகையானாலும் அவள் வீட்டில் முதல் பங்கு நிச்சிப்பருக்குத்தான் போகும். பன்றி அறுத்தால் தொடைக்கறி அவருக்கு. ஏற்கெனவே தலைமேல் வைத்தவன் இன்னும் என்ன வைப்பானோ என்ற பயம் அவளுக்கு. சவா மேசையின் மறுகோடியில் உட்கார்ந்தான்.

எல்விரா நேற்றுச் சொன்னதைப் பெரியவருக்காகத் திரும்பச் சொன்னாள். பிறகு, "நாம ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா 'ஸ்தோரோவ்'னு சொல்றோமே, திடமா இருன்னு, அதுவும் தேரெவோவோட பிள்ளைதான் பெரியப்பா. 'நல்ல மரத்தாலானவன்'ங்கிறதுதான் அதுக்கு முதல் அர்த்தம்" என்றாள்.

நிச்சிப்பர் மார்பைத் தட்டினார். "அப்படிச் சொல்லு! நான் வைரம் பாஞ்ச ஓக்கு."

"ஓக்கா? புழு அரிச்ச வேலிக்கம்பு" என்றான் வாசலில் காத்திருந்த லுக்காஷ். "சீக்கிரம் முடிங்க, தண்ணி இழுக்குது."

"அந்த வாக்கு, பெரியப்பா" என்றாள் எல்விரா.

அவர் எழுந்து, உள்சுவரில் தெரிந்த அடிமரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். சாராயமும் பெருமையும் சேர்ந்திருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தேரெவோ, தேரெவோ, காட்டுல நின்னாப்பல இங்கயும் நில்லு. உன்னால உள்ள இருக்கிறவங்க திடமா இருக்கட்டும். உனக்குத் தலை வேணும்னா..." அங்கே நிறுத்திவிட்டு உட்கார்ந்து அடையை எடுத்தார்.

"வேணும்னா?"

"அது தொழில் ரகசியம், கண்ணு."

"இந்த வீட்டுக்கு என்ன சொன்னீங்களோ அதையே சொல்லுங்க. எனக்கு முழு வாக்கும் வேணும்."

கிலினா அடுப்பருகே நின்றிருந்தாள். கையில் கரித்துணி. சவா, "சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க" என்றான்.

நிச்சிப்பர் அவனைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். பிறகு எல்விராவைப் பார்த்துச் சிரித்தார். "இதுல என்ன இருக்கு? 'உனக்குத் தலை வேணும்னா மெலானியாவோட செவலைச் சேவலை எடுத்துக்க'ன்னேன். அந்தம்மா எனக்குச் சூப்பு ஊத்தின லட்சணத்துக்கு அந்தச் சேவலாவது போகட்டும்னு. நாலு நாள்ல நரி வந்து தூக்கிட்டுப் போயிடுச்சு. வாக்குன்னா வாக்கு!"

அவர் மட்டும்தான் சிரித்தார்.

"சேவலா?" என்றாள் கிலினா.

"சேவல்தான். மனுஷன் தலைமேல வெக்கிறதுக்கு நான் என்ன கொலைகாரனா? நான் எந்த வீட்டையும் மனுஷர் தலைமேல வெச்சதில்ல. உன் மாமியாகிட்ட அன்னைக்கே சொன்னேனே. சேவலைப் பத்திரமாப் பாத்துக்கங்கன்னு சொல்லிச் சீண்டினேன். இதோ, சவா பக்கத்துலதான் நின்னான். சிரிச்சான்கூட."

கிலினா கரித்துணியை ஆணியில் மாட்டினாள். இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை நின்றது.

"நிச்சிப்பர் அண்ணே, ஊரே சொல்லுச்சே. நீங்க ஒரு தடவைகூட இல்லைன்னு சொல்லலையே."

அவர் சாராயக் கிண்ணத்தைச் சுழற்றினார். "நீ கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." பிறகு கொழுப்புத் தட்டைப் பார்த்தபடியே, "ஊரு பயந்தாத்தான் தச்சனுக்குக் கறி" என்றார். அதற்குமேல் அவர் அடையைத் தொடவில்லை.

எல்விரா எதையோ உடைத்துவிட்ட குழந்தை மாதிரி என்னைப் பார்த்தாள். கிலினா சவாவைப் பார்த்தாள். அவன் மேசைவிரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியும்."

"அம்மாதான் அப்படிச் சொன்னா. நீ ஓடிக்கிட்டே இருந்த" என்றான். "அப்புறம்... அப்புறம் எப்படிச் சொல்றது? உங்கம்மா போனதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?" பிறகு கொஞ்சம் குரல் ஏறியது. "அதனால என்ன? வீடு நின்னுச்சுல்ல? இத்தனை வெள்ளத்துக்கும் நின்னுச்சுல்ல? யாருக்குத் தெரியும், நீ உள்ள இருந்ததாலதானோ என்னவோ."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது தட்டை எறிவாள் என்று. அவள் மேசைமேல் இருந்த கொழுப்பு முழுவதையும், நிச்சிப்பரின் தட்டில் இருந்ததையும் சேர்த்து, ஒரு துணியில் சுற்றினாள். "ஜினாவுக்கு" என்றாள். மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அங்கே நின்றுவிட்டாள். ஒரு கால் படிக்கட்டில், ஒரு கால் உள்ளே. லுக்காஷ் கழியை ஊன்றியபடி வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். பகலில் எத்தனையோ முறை தாண்டிய படிதான் அது. ஆனால் அன்று அவளால் முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. "சேவல்தான்னு இப்பத் தெரியுது" என்றாள் யாரிடமோ. "ஆனா காலுக்குத் தெரியலையே."

நான் பக்கத்தில் போய் மூட்டையை வாங்கிக்கொண்டேன். மூட்டையைப் படகில் வைத்தேன். பிறகு நானே படகில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவள் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒவ்வொரு விரலாக நிலையிலிருந்து எடுத்தாள்.

அக்கரையில் பேருந்து வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் ஏறினாள். நான் லுக்காஷோடு திரும்பிவிட்டேன்.

அன்று ஊர் தூங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நிச்சிப்பர் சொன்னது அதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. ஆனாலும் ஆட்கள் வேலிக்கு வெளியே வந்து அந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "சேவல்தானே?" "சேவல்தான். ஆனாலும் பிள்ளைங்களைக் கிட்ட விடாதே." எல்லாம் தெரிந்த சவா, இருட்டுவதற்கு முன்பே தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வைக்கோல் கொட்டகைக்குப் போவதை என் சன்னலிலிருந்து பார்த்தேன். மறுநாளும் போனான். அதற்கடுத்த நாள் வீட்டுக்குள் சமைக்கவும் போகவில்லை. என்னிடம் வந்து சூப்பு கேட்டான். ஊற்றினேன். கறி போடவில்லை.

எல்விரா கிளம்பும்போது, "நான் அந்த வாக்கைக் கேட்டிருக்கக் கூடாதோ?" என்றாள். அவள் தேடி வந்த சொல் கிடைத்ததா என்று கேட்டேன். "சொல் கிடைச்சுது. அது எங்க பிறந்துச்சுன்னு யாருக்கும் உறுதியாத் தெரியாது. கிளம்பிப் போனது மட்டும்தான் தெரியுது" என்றாள்.

தண்ணீர் வடிந்து வேலிகளின் காலில் சேறு தெரியத் தொடங்கியபோது கிலினா வந்தாள். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்களாம். பெண். ஜினா பிழைத்துவிட்டாள். "நீ வந்துட்டியான்னு கேட்டா. அப்புறம் ஒரு நாள் முழுக்க என்கிட்ட பேசல. கையை மட்டும் விடல" என்றாள் கிலினா. ஆஸ்பத்திரி நடைபாதையில் முதல் ராத்திரி உட்கார்ந்தே இருந்தாளாம். கண்ணை மூடினால் கூரை இறங்குகிற சத்தம்.

சவா கொட்டகை வாசலில் நின்றான். தாடி வளர்ந்து, முடியில் வைக்கோல். "உள்ள போகாதே" என்றான். "மரம் முனகுது. தினமும் கேக்குது."

"அடுப்பு எரியாத வீடு முனகத்தான் செய்யும்" என்றாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. உருளைக்கிழங்கு வேகும் வாசனை வந்தது. அவள் தட்டை வாசற்படியில் வைத்தாள். அவன் வந்து நின்றுகொண்டே சாப்பிட்டான்.

"உள்ள வா."

"இன்னைக்கு வேணாம்."

அவள் வற்புறுத்தவில்லை. ஜினா இன்னும் எழுந்து நடக்கவில்லை, குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும். தன் இறகுத் தலையணையையும், கல்யாண மேசையில் விரித்த அந்த வெள்ளைத் துணியையும் எடுத்துக்கொண்டாள். லுக்காஷ், "பொழுது சாயுது அக்கா, காலையில போலாமே" என்றான். "இல்ல, இப்பவே. ராத்திரி அக்கரையில அண்ணி வீட்டுல படுத்துக்கிறேன்" என்றாள்.

படகு நடு ஆற்றுக்குப் போனது. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பாமல்தான் உட்கார்ந்திருந்தாள். வளைவு வருவதற்குச் சற்று முன்னால் தலை திரும்பியது. என்னையோ சவாவையோ பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள், நிற்கிறதா என்று.